தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால்: நிறுத்துவதா, அளவைத் திருத்துவதா, மருந்தையே மாற்றுவதா?

என் அத்தைக்கு 68 வயது. மூன்று ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர், கடைசியாக 75 மைக்ரோகிராமில் இருந்தார். சென்ற சித்திரையில் ஒரு நாள், “இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலைப்பா, ராத்திரி பூரா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, நாளையிலேருந்து நிறுத்திடப் போறேன்” என்று சொல்லிவிட்டு, மாத்திரைப் புட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். கைகளை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தபோது, தாளின் ஓரம் சிலிர்ப்பது போல நடுங்கியது. மாத்திரையை நிறுத்தலாம், அளவைக் குறைக்கலாம், சாப்பிடும் நேரத்தை மாற்றலாம், வேறு கம்பெனி மாத்திரை வாங்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய, தைராய்டின் இன்னொரு ஹார்மோனான ‘டி3 கலந்த மருந்து’ பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இவற்றில் எது எந்த நிலைமைக்குப் பொருந்தும், எது பணத்தையும் உடம்பையும் வீணாக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் மருந்தைப் பற்றி. நாம் ‘தைராய்டு மாத்திரை’ என்று சொல்வது பெரும்பாலும் லெவோதைராக்ஸின். 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் விலங்குகளின் தைராய்டு சுரப்பியிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்த தைராக்ஸினும், இன்று ஆலையில் தயாராகும் மாத்திரையில் உள்ள மூலக்கூறும், நம் கழுத்திலுள்ள சுரப்பி தானே சுரக்கும் டி4 ஹார்மோனும் ஒன்றேதான். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குவது போல, உடம்புக்கு அந்நியமான ஒரு பொருள் உள்ளே போய்ச் செய்யும் கெடுதல் இதில் மிகக் குறைவு. இந்த மாத்திரையின் ‘பக்கவிளைவு’ என்று நாம் அழைப்பவற்றில் பெரும்பங்கு, உடம்புக்குத் தேவையானதைவிட ஹார்மோன் கூடிப்போனதன் விளைவாகவோ இன்னும் போதாததன் விளைவாகவோதான் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாத் தேர்வுகளும் அவற்றுக்குரிய இடத்தில் போய் உட்காரும்.

கூடிப்போனால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, வியர்வை, வெக்கை தாங்காமை, அடிக்கடி மலம் கழிதல், காரணமில்லாத எரிச்சல், எடைக் குறைவு ஆகியவை வரும். போதாவிட்டால் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, முகவீக்கம், எடை கூடுதல், மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு என்று எதிர்ப்புறமாகப் போகும். சிக்கல் என்னவென்றால், சோர்வும் முடி கொட்டுதலும் தசை வலியும் இரண்டு பக்கத்திலும் உண்டு. ஆகவே அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு ‘டோஸ் கூட’ என்றோ ‘டோஸ் போதவில்லை’ என்றோ வீட்டிலிருந்தபடி முடிவு கட்ட இயலாது. டிஎஸ்எச் பரிசோதனை வேண்டும். அந்த எண்ணைப் படிப்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். டிஎஸ்எச் என்பது தைராய்டின் ஹார்மோன் அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்கும் குரல் அது. ஆள் மந்தமாக வேலை செய்தால் மேஸ்திரியின் குரல் உயர்வது போல, ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்எச் ஏறும். ஹார்மோன் கூடினால் மேஸ்திரி வாய் மூடிக்கொள்வார். பெரும்பாலான ஆய்வகங்களில் இயல்பு எல்லை ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்று அச்சிட்டிருப்பார்கள்.

அத்தை முதலில் எடுத்த முடிவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மக்கள் மிகுதியாக எடுக்கும் முடிவும் அதுதான்: தாமாகவே நிறுத்துவது. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் ஏழு நாள்கள் ஆகின்றன. இன்று நிறுத்தினால் நாளைக்கே படபடப்பு அடங்கிவிடாது; அதேபோல் நாளைக்கே சோர்வும் வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, “நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் மாத்திரையே தேவையில்லை போலும்” என்ற தவறான நம்பிக்கை பிறப்பது அந்த இடைவெளியில்தான். அதற்குப் பிறகு மெதுவாக, தானே உணராத வேகத்தில், குரல் தடிக்கும், கால் வீங்கும், கொழுப்பு அளவு ஏறும். அறுவை சிகிச்சையில் தைராய்டு முழுவதும் நீக்கப்பட்டவர்களுக்கும், கதிரியக்க அயோடின் பெற்றுச் சுரப்பி செயலிழந்தவர்களுக்கும் நிறுத்துவது என்ற வழியே கிடையாது. இந்த மருந்து இல்லாத காலத்தில் அவர்கள் கதி என்னவாக இருந்தது என்பதற்கு 1891 ஒரு எல்லைக்கோடு. அந்த ஆண்டில்தான் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து பிழிந்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார். நோய் முற்றி மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் அதற்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தாமாக நிறுத்துவது வேறு, மருத்துவர் பார்த்துச் சில நாள் நிறுத்தச் சொல்வது வேறு. படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் எந்த ஒப்பீட்டுக்கும் நேரமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுக்க வேண்டும்.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை, ஆனால் யாருக்கும் அதில் கவர்ச்சியும் இல்லை: அதே மாத்திரை, அதே அளவு, சாப்பிடும் முறையை மட்டும் ஒழுங்குபடுத்துவது. வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரையில் 70 முதல் 80 சதவீதம் வரை குடலில் உறிஞ்சப்படுகிறது. அதனுடன் காபி சேர்ந்தால் அந்தப் பங்கு குறைகிறது. நம் வீடுகளில் விடியற்காலை ஃபில்டர் காபி என்பது ஏறத்தாழ ஒரு கடமை. மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிய கையோடு டபராவை எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் உண்மையில் எத்தனை மைக்ரோகிராம் பெறுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, மருந்தெழுதியவருக்கும் தெரியாது. காபியைவிடப் பெரிய தடை கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும். இவை தைராக்ஸினைக் குடலிலேயே பற்றிக்கொள்கின்றன. குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று எரிச்சலுக்கு அன்றாடம் சாப்பிடும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளும், சோயா உணவும், கோதுமைப் புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் கண்டறியப்படாமல் இருப்பதும் உறிஞ்சுதலைக் கெடுக்கக்கூடியவை. முட்டைகோஸும் காலிஃபிளவரும் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. சமைத்து, வழக்கமான அளவில் சாப்பிடும்போது அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. கோஸைத் தள்ளி வைத்துவிட்டு மாத்திரையோடு காபி குடிப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

காலையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபியைத் தள்ளிப்போட முடியாதவர்களுக்கு இரவு ஒரு நல்ல மாற்று. இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, படுக்கப் போகும்போது விழுங்கலாம். நெதர்லாந்தில் 90 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், காலையைவிட இரவில் எடுத்தபோது டிஎஸ்எச் இன்னும் நன்றாகக் குறைந்தது. ஆனால் உடல்நல உணர்வில் வேறுபாடு ஏதும் தென்படவில்லை. ஆகவே இரவு மேலானது என்று சொல்வதைவிட, எந்த நேரம் ஒருவருக்குத் தவறாமல் அமைகிறதோ அந்த நேரம் மேலானது என்பதே என் முடிவு. ஒன்பதரைக்கு இட்லி சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கும் வீட்டில் இரவு மாத்திரை காலை மாத்திரையைவிட மோசமாகவே அமையும். மாத்திரை இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தைராக்ஸின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் சிதையும் பொருள். அடுப்புக்கு மேலுள்ள தட்டிலும் குளியலறை அலமாரியிலும், புட்டியின் மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்தால், வீரியம் குறைந்த மாத்திரையைத்தான் மாதக் கடைசியில் விழுங்குகிறோம். நூறு மாத்திரைப் புட்டியிலிருந்து ஒரு வாரத்துக்கானதை மட்டும் தனிச் சிமிழில் எடுத்துக்கொண்டு மீதியை உள்ளறையில் மூடி வைப்பது எளிது.

இங்கே அத்தையின் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவருடைய படபடப்புக்குக் காரணமே இந்த ஒழுங்குபடுத்தல்தான். தொடக்கத்தில் அவருக்கு எழுதிக் கொடுத்தது 25 மைக்ரோகிராம். அதை அவர் காபியோடும் முட்டிவலிக்காகக் கொடுத்த கால்சியம் மாத்திரையோடும் சேர்த்தே சாப்பிட்டார். டிஎஸ்எச் குறையவில்லை, 50 ஆக்கினார்கள், அதற்கும் அசையாததால் 75 ஆக்கினார்கள், கடைசியில் 3.1க்கு வந்து நின்றது. தை மாதம் பொங்கலுக்கு வந்த மகள், மருந்துத் தாளைப் படித்துவிட்டுக் காபியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாள், கால்சியத்தை இரவுக்கு மாற்றினாள். செய்தது முழுக்கச் சரியான காரியம். ஆனால் அதுவரை பாதி வீணாகி வந்த 75, இப்போது முழு வேகத்தில் உடம்புக்குள் போகத் தொடங்கியது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சித்திரையில் ரத்தம் எடுத்தபோது டிஎஸ்எச் 0.06. சாப்பிடும் முறையை மாற்றுவதும் ஒருவகையில் டோஸை மாற்றுவதுதான். அதற்கும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு பரிசோதனை உண்டு.

மூன்றாவது வழியான அளவுத் திருத்தம், டோஸ் கூடியதால் வந்தது என்று பரிசோதனையில் தெரிந்த படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் மற்ற எதையும்விட நேரடியான மருந்து. சுரப்பி முற்றிலும் செயலிழந்த இளவயதினருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நூறை ஒட்டி வரும். முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். மாத்திரைகள் 12.5இலிருந்து 150 வரை பல படிகளில் கிடைப்பதால், 75லிருந்து 62.5 என்று சிறு படியாக இறங்க முடியும். ‘50 பவர்’, ‘100 பவர்’ என்று கடையில் கேட்டு வாங்கும்போது அது மைக்ரோகிராம் என்பதை மறந்துவிடக் கூடாது. மில்லிகிராமில் எழுதினால் 0.05, 0.1 என்று வரும், புள்ளி நகர்ந்தால் பத்து மடங்கு. மாற்றிய மறுவாரமே ஓடிப்போய்ப் பரிசோதிப்பதில் பயனில்லை. புதிய அளவு நிலைகொள்ள ஆறு வாரம் பிடிக்கும்.

அளவு கூடிய நிலையில் ‘கொஞ்சம் இளைத்துவிட்டேன், நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அப்படியே தொடர ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் இரண்டு இடங்களில் விலை கொடுக்கிறார்கள். ஒன்று இதயம்: அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 60 வயதைக் கடந்த 2007 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், டிஎஸ்எச் 0.1க்குக் கீழ் இருந்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு வரும் ஆபத்து மூன்று மடங்காக இருந்தது. அந்த ஒழுங்கற்ற துடிப்புதான் பக்கவாதத்துக்கு ஒரு வாசல். மற்றொன்று எலும்பு: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மிகுதி எலும்பை வேகமாகக் கரைக்கிறது. எடை குறைப்பதற்கென்று இம்மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் மருந்துத் தாளிலேயே கட்டமிட்டு எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு மட்டும் மருத்துவர்கள் தெரிந்தே டிஎஸ்எச்சை அழுத்தி வைப்பார்கள். அவர்கள் இந்தப் பத்தியைப் படித்து அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

முடி கொட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம்பெண்கள் மாத்திரையை விடுவதற்கு முதற்காரணம் அதுதான். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் முடி கூடுதலாக உதிர்வது உண்டு. அது பெரும்பாலும் தற்காலிகமானது. தைராய்டு குறைபாடும் முடியைக் கொட்ட வைக்கும், அதனுடன் அடிக்கடி சேர்ந்து வரும் ரத்தசோகையும் கொட்ட வைக்கும். இதற்கிடையில் பயந்துபோய் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் புதிய குழப்பத்தை விலைக்கு வாங்குகிறார்கள். பயோட்டின் முடியை வளர்க்கிறதோ இல்லையோ, பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனை முறையில் குறுக்கிட்டு, டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டிவிடும். அந்தத் தாளைப் பார்த்து மருத்துவர் டோஸைக் குறைத்தால் தவறு யாருடையது? ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாகவே பயோட்டினை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது வழி கம்பெனியை மாற்றுவது. தமிழ்நாட்டின் மருந்துக்கடைகளில் தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று பல பெயர்கள் புழங்குகின்றன. நாம் கேட்பது இல்லாவிட்டால், “இந்தக் கம்பெனி ஸ்டாக் இல்லம்மா, இது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்” என்று கடைப் பையன் வேறொரு புட்டியை நீட்டுவான். மருந்துப் பொருள் ஒன்றுதான். ஆனால் கூடவே இருக்கும் மாவுப்பொருளும் நிறமும் கரையும் வேகமும் வேறு. இது வெறும் மனப்பிரமையா என்ற கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. 2007இல் நியூசிலாந்தில் அதுவரை கனடாவில் தயாரான மாத்திரைக்குப் பதிலாக ஜெர்மனியில் தயாரான, துணைப்பொருள்கள் மாறிய மாத்திரை வந்தது. மருந்தின் அளவு மாறவில்லை. ஆயினும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. தொலைக்காட்சிச் செய்திகளில் எந்த அறிகுறிகள் சொல்லப்பட்டனவோ அவையே அடுத்தடுத்த புகார்களில் கூடியதை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் காட்டினார்கள். 2017 மார்ச்சில் பிரான்ஸில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் சாப்பிட்டு வந்த மாத்திரையில், அரசு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மருந்தின் வீரியம் நிலையாக இருக்க வேண்டும் என்று கேட்டதற்கிணங்க, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். சோர்வு, தலைச்சுற்றல், முடி உதிர்வு என்று பல்லாயிரம் புகார்கள் எழுந்து, அக்டோபரில் பழைய தயாரிப்பைத் திரும்ப இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. புதியதும் பழையதும் சமம் என்று 204 பேரிடம் நடத்திய சோதனை காட்டியிருந்தது. ஆனால் அது சராசரிக் கணக்கு என்றும், ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தால் பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சமநிலை எல்லைக்கு வெளியே இருந்தனர் என்றும் 2019இல் ஒரு மறு ஆய்வு வாதிட்டது. அந்த வாதத்துக்கு மறுப்பும் வந்தது.

இரண்டையும் வைத்து எனக்குப் படுவது இது: நன்றாக ஒத்துப்போகும் ஒரு தயாரிப்பு கிடைத்துவிட்டால் அதிலேயே இருப்பது புத்திசாலித்தனம், வேறு வழியின்றி மாறினால் பீதி தேவையில்லை, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு டிஎஸ்எச் போதும். ஆனால் பக்கவிளைவுக்கு மருந்தாக ஒவ்வொரு மாதமும் கம்பெனி மாற்றிப் பார்ப்பது கிணற்றில் விழுந்ததைக் குளத்தில் தேடுவது. உண்மையிலேயே தடிப்பும் அரிப்பும் வந்தால், அது பெரும்பாலும் நிறமூட்டிக்கோ வேறு துணைப்பொருளுக்கோ ஒவ்வாமையாக இருக்கும். அப்போது மட்டும் நிறமில்லாத வேறு தயாரிப்புக்கு மாறுவது காரணத்தோடு செய்யும் மாற்றம். பால் ஒவ்வாத வயிறு உள்ளவர்கள் லாக்டோஸ் இல்லாததைக் கேட்கலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீர்மமாகவும் மென்மையான கேப்ஸ்யூலாகவும் இம்மருந்து கிடைக்கிறது. குடல் உறிஞ்சாதவர்களுக்கும் அமிலக் குறைப்பு மாத்திரையை விட முடியாதவர்களுக்கும் அதில் பயன் உண்டு, மற்றவர்களுக்கு விலைதான் கூடுதல்.

ஐந்தாவது வழிதான் இணையத்தில் அதிகமாகப் பேசப்படுவது: டி4ஓடு டி3யையும் சேர்த்துச் சாப்பிடுவது. 1952இல் லண்டனில் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டறிந்த டி3, உயிரணுக்களில் நேரடியாக வேலை செய்யும் ஹார்மோன். நாம் விழுங்கும் டி4ஐ உடம்பே தேவைக்கேற்ப டி3யாக மாற்றிக்கொள்கிறது. சிலருக்கு இந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை, அதனால்தான் டிஎஸ்எச் இயல்பாக இருந்தும் சோர்வு தீரவில்லை என்பது இதை ஆதரிப்போரின் வாதம். அந்த வாதத்தை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். சரியான அளவில் மருந்து சாப்பிட்டும் மந்தமாகவே உணரும் சிறுபான்மையினர் உண்மையில் இருக்கிறார்கள். 1999இல் லிதுவேனியாவில் 33 பேரிடம் செய்த ஆய்வில் மனநிலையும் சிந்தனைத் திறனும் மேம்பட்டதாக வந்த செய்தி பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. ஆனால் இவ்வகையான 11 ஆய்வுகளை, மொத்தம் 1,216 பேரை, 2006இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது வேறுபாடு காணப்படவில்லை.

பக்கவிளைவுக் கணக்கில் டி3 இன்னும் பின்தங்குகிறது. டி4 பாதியாகக் குறையவே ஏழு நாள் எடுத்துக்கொள்ளும். டி3 ஏறக்குறைய ஒரே நாளில் பாதியாகிவிடும், விழுங்கிய சில மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறும். படபடப்புக்காக வழி தேடுகிறவர் டி3க்குப் போவது அடுப்புக்குப் பயந்து தீயில் காலை வைப்பதற்குச் சமம். கருவுற்றவர்களுக்கும் இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் இது வேண்டாம் என்று 2012இல் ஐரோப்பிய தைராய்டு சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கொடுப்பதாயின் டி4க்கும் டி3க்கும் விகிதம் 13க்கு 1 முதல் 20க்கு 1 வரை இருக்க வேண்டும் என்றும், நிபுணர் மேற்பார்வையில் ஒரு சோதனை முயற்சியாகவே இருக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது. விலையும் ஒரு பொருட்டு. பிரிட்டனில் 2009இல் ஒரு பெட்டி 20 பவுண்டு அளவில் இருந்த டி3 மாத்திரை 2017இல் 248 பவுண்டாக ஏறி, போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கும் நிலைக்குப் போயிற்று. நம் ஊரில் எல்லா மருந்துக்கடைகளிலும் இது கிடைப்பதில்லை. மாதாமாதம் தேடி அலைய வேண்டிய மருந்தை வாழ்நாள் மருந்தாக ஏற்பதற்கு முன் அதையும் யோசிக்க வேண்டும். டிஎஸ்எச் சரியான பிறகும் சோர்வு தீராதவர்கள் டி3யைக் கேட்பதற்கு முன்னால் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை, குறட்டையோடு கூடிய தூக்கத் தடை, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. சோறும் ரசமுமாகவே வாழும் பல பெண்களுக்குப் பதில் அந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும்.

பன்றியின் தைராய்டை உலர்த்திப் பொடித்துச் செய்த ‘இயற்கை’ மாத்திரையை அமெரிக்காவில் இன்னும் பலர் விரும்புகிறார்கள். 70 பேரிடம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் பாதிப்பேர் பன்றிப் பொடியையே விரும்பியதாகச் சொன்னார்கள், சற்று எடையும் குறைந்தது. ஆனால் அதில் டி4க்கும் டி3க்கும் உள்ள விகிதம் 4க்கு 1. மனிதச் சுரப்பியிலோ ஏறக்குறைய 14க்கு 1. டி3யின் மேல் நான் சொன்ன ஆட்சேபம் அனைத்தும் இதற்குக் கூடுதலாகவே பொருந்தும். ‘தைராய்டை வேரோடு போக்கும் மூலிகைப் பொடி’ என்று விற்பவற்றை நான் இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை.

இத்தனை வழிகளுக்கும் முன்பாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாத்திரை உண்மையிலேயே தேவைதானா? சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாகச் சொன்னது. நோயாக முற்றியவர்களைத் தவிர, டி4 இயல்பாக இருந்து டிஎஸ்எச் மட்டும் சற்றே ஏறியவர்களும் ஊரெங்கும் இருக்கிறார்கள். முழு உடல் பரிசோதனை முகாம்கள் பெருகிய பிறகு அவர்கள் எளிதில் அகப்படுகிறார்கள். இப்படிப்பட்ட 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பாதிப்பேருக்கு லெவோதைராக்ஸின், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. ஓராண்டுக்குப் பின் சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ வேறுபாடில்லை. வயது ஏற ஏற டிஎஸ்எச் சற்று உயர்வதும் இயல்பே. முதியவருக்குப் பயன் இல்லாத மருந்தின் பக்கவிளைவை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பதைவிட மருந்தையே மறுபரிசீலனை செய்வது மேல். இதை அப்படியே தலைகீழாக்க வேண்டிய இடம் கர்ப்பம். குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸினைச் சார்ந்திருப்பதால், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கருத்தரித்த உடனேயே அளவு 25 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படும். லேசான படபடப்புக்குப் பயந்து அந்தக் காலத்தில் மாத்திரையை விடுவது இக்கட்டுரையில் சொன்ன எல்லாத் தவறுகளிலும் பெரியது. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கும், தைராய்டு அளவு மாறினால் அந்த மருந்துகளின் கணக்கும் மாறும். இரண்டையும் எழுதுவது வெவ்வேறு மருத்துவர்கள் என்றால் இருவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

அத்தையின் பழைய கோப்பை மருத்துவர் புரட்டிப் பார்த்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் மாத்திரை தொடங்கிய நாளின் டிஎஸ்எச் 6.8 என்றும், டி4 இயல்பு என்றும் இருந்தது. இசிஜியில் துடிப்பு வேகமாக இருந்ததே தவிர ஒழுங்கு கெடவில்லை. “முதல்ல நாலு நாள் விட்டுட்டு 37.5 ஆரம்பிங்கம்மா, இந்த நேரத்தை மட்டும் மாத்தாதீங்க, அடுத்த ரிசல்ட்டைப் பார்த்துட்டு இது வேணுமான்னே யோசிக்கலாம்” என்றார் அவர். 25இல் ஒன்றும் 12.5இல் ஒன்றுமாக இரண்டு புட்டிகள் இப்போது உள்ளறை மேசையில் இருக்கின்றன. மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் தூக்கம் வருகிறது என்கிறார். எட்டாவது வாரம் ஆடி வெள்ளியில் வருகிறது. அன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் மாத்திரை, மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி என்று நாட்காட்டியில் எழுதி, காபி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்.